போதகர் தோட்டத்தில் மூன்றாவது நீலம்

போன வாரம் கவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில் ஒரு வதந்தி. பாலர் பள்ளி டீச்சர் லோசலைன் பன்றிகளுக்குச் சாயம் பூசுகிறாளாம். எங்கள் ஃபோவா தீவில் கவாவோடு சேர்த்துப் பேசுவதில் பாதி பொய், மீதி நான் கிளப்பிவிட்டது. இது என்னுடையது இல்லை என்பதால் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போனேன்.

உண்மைதான். ஒன்பது பன்றிக்குட்டிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பிஞ்சுக் கை அச்சு: மூன்று சிவப்பு, மூன்று மஞ்சள், மூன்று நீலம். காகிதத்தில் பொட்டு வைத்து எண்ணச் சொன்னால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள், ஓடுவதை எண்ணச் சொன்னால் கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை என்றாள் லோசலைன். குட்டிகள் அவள் தம்பி விலிசோனியுடையவை. அக்கா எடுத்த பொருளைத் தம்பி ஏன் என்று கேட்கும் வழக்கம் டோங்காவில் ஏது? அவன் வேலியோரம் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அன்று போதகர் வந்திருந்தார். சர்ச் கூடம் பள்ளிக்கே தொடருமா, பாய் முடைகிற பெண்களுக்குப் போகுமா என்று அவர் முடிவு சொல்லும் நாள். கூடம் போனால் பள்ளியும் போச்சு.

பட்டியைத் திறந்ததுதான் தாமதம், குட்டிகள் எட்டுத் திக்கும் பாய, பிள்ளைகள் கூவிக்கொண்டே துரத்தினார்கள். சிவப்பு மூன்று. மஞ்சள் மூன்று. நீலம் இரண்டு.

"ஒம்பதுன்னு சொன்னியேம்மா, எட்டோட நிக்குதே" என்றார் போதகர். லோசலைன் முகம் செத்துப்போயிற்று.

நாலு வயது செசிலியா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "நாங்க சரியாத்தான் எண்ணினோம். பன்னிதான் வரல."

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் நீலத்தைத் தேடி ஓடியது. பாய் முடைகிற பெண்களும் ஓடினார்கள், நானும் ஓடினேன். கடைசியில் அகப்பட்டது போதகரின் சர்க்கரைவள்ளித் தோட்டத்தில். காதுவரை மண், வாய் நிறையக் கிழங்கு.

போதகர் குட்டியைப் பார்த்தார், செசிலியாவைப் பார்த்தார். "கணக்கு சரிதான். கூடம் ஒனக்கே. என் கிழங்குக்கு யாரு பதில் சொல்றது?"

"பன்னி அவனோடதுங்கய்யா" என்று தம்பியைக் காட்டினாள் லோசலைன்.

விலிசோனி அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தான். "சாயம் அக்காவோடது."

பிடுங்கிய கொடி பதினாலு என்றார் போதகர். பிள்ளைகளே எண்ணட்டும் என்றாள் அவள். ஒவ்வொரு குழியிலும் கைவிட்டு ஒன்பதுவரை வந்து நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

ஒன்பது கொடிக்கு ஈடாகக் கிழங்கு போதகர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி ஐந்துக்காகப் போதகர் தினமும் கூடத்து வாசலில் நின்று, பத்து எப்போது சொல்லித் தருவாய் என்று கேட்கிறார். பிள்ளைகளை அவசரப்படுத்தக் கூடாது என்கிறாள் லோசலைன்.