பென்சன் தாண்டிய இரண்டரை நிமிடம்

பென்சனை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருத்தணியில் அவன் ஆபரேட்டராக இருக்கும் தியேட்டரில் பதினோரு வருடமாக டிக்கெட் கிழிக்கிறவள் நான். இந்த ஊர் ஜனத்துக்குப் பொறுமையாக உட்கார்ந்து ஒரு படம் பார்க்கத் தெரியாமல் போனதற்கு அவன்தான் காரணம்.

தமிழில் குரல் மாற்றி வரும் சூப்பர் ஹீரோ படங்கள்தான் எங்களுக்குச் சோறு. அதில் அடிதடிக்கு நடுவே யாராவது இருவர் உட்கார்ந்து பேசுவார்கள். பறந்து பறந்து அடித்தவன் எதற்காக அடித்தான் என்று அங்கேதான் தெரியும். பென்சனுக்கு அது ஆகாது. முந்தின நாளே படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்து, வாய் மட்டும் அசையும் இடங்களைக் குறித்துக்கொள்வான். காட்சியில் அந்த இடம் வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு, அடுத்த சண்டை. நாலு காட்சியும் நேரத்துக்கு ஓடுவதால் முதலாளிக்கும் சந்தோஷம்.

"பேசிக்கினே இருந்தா எவன் பார்ப்பான்? எழுந்து போயிடுவான்" என்பான், பெரிய மேதாவி மாதிரி.

அவன் மனைவி பெர்சிஸ் தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் அதே படங்களுக்குக் குரல் கொடுப்பவள். குரல் என்றால், கூட்டத்தில் ஒருத்தியாக "ஐயோ, ஓடுங்க!" என்று அலறுவது. பதினைந்து வருடம் அலறித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். "எம் பொண்டாட்டி கத்தறதுக்கே ட்ரெயின் ஏறிப் போறா" என்று டீக்கடையில் சிரிப்பான் அந்தப் பாவி.

போன கோடையில் அவளுக்கு முதன்முதலாகப் பேசக் கிடைத்தது. கதாநாயகனின் அம்மாவுக்குக் குரல். சமையற்கட்டில் மகனின் காயத்துக்குக் கட்டுப் போட்டபடி இரண்டரை நிமிடம் மெதுவாகப் பேசுவாள்.

"அவருகிட்ட 'இந்தப் படத்துல நான் இருக்கேன்'னு மட்டும்தான் சொன்னேன் பிரேமாக்கா" என்றாள் என்னிடம். "தானா கேக்கட்டும். ஒருவாட்டியாவது நான் பேசறத அந்த மனுஷன் கேக்கணும்."

நானாவது அவனை எச்சரித்திருக்கலாம். செய்யவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படம் எங்கள் தியேட்டருக்கு வந்த அன்று, காலைக் காட்சிக்குச் சர்ச் சபைப் பெண்கள் பன்னிரண்டு பேரோடு பெர்சிஸ் வந்தாள். கட்டடம் இடிந்து கூட்டம் ஓடும் இடத்தில் திடீரென்று சத்தம் காதைப் பிளந்தது. பிறகு மகன் சமையற்கட்டுக் கதவைத் திறந்தான். மறுகணம் வானத்தில் பறந்துகொண்டிருந்தான்.

"எங்கேம்மா உன் குரலு?" என்றார்கள் பெண்கள்.

இடைவேளையில் நானும் அவளும் படம் ஓட்டும் கேபினுக்கு ஏறினோம். பென்சன் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"கேட்டியா? ஜனம் கத்திக்கினு ஓடற எடத்துல உனக்காகவே சவுண்ட ஏத்தி வெச்சேன்!"

"இதுல நான் கத்தலங்க. அந்த அம்மா நான்தான்."

"எந்த அம்மா?" என்று கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் செத்துப்போனது. எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

அடுத்த காட்சியில் தாண்டாமல் ஓட்டுகிறேன் என்று சத்தியம் செய்தான். பகல் காட்சிக்கு அவள் தனியாக வந்து நடுவரிசையில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். சமையற்கட்டு வந்தது. அம்மா கட்டுத் துணியை எடுத்தாள். பத்து விநாடிகூட ஆகவில்லை, விசில் பறந்தது.

"யோவ் ஆபரேட்டர், தூங்கறியா? தள்ளுய்யா!"

"பென்சண்ணே, ஃபைட்டப் போடு!"

நாற்காலிகளைத் தட்டினார்கள். இருபது வருடம் அவன் பழக்கிய கூட்டமல்லவா, வேறெப்படி இருக்கும்? திரையில் அம்மாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நடுவரிசையில் பெர்சிஸின் வாயும் அதோடு சேர்ந்து அசைந்தது.

கேபின் கதவைத் தள்ளிக்கொண்டு பென்சன் பால்கனிக்கு ஓடிவந்தான். "வாய மூடுங்கடா! எம் பொண்டாட்டி பேசறா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவன் விடாமல் கத்தினான்.

கத்தி முடிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. தியேட்டர் கப்சிப்பென்று அடங்கியது. அவள் பேசியதை அவனும் கேட்கவில்லை.