மோட்டார் கொட்டகைக்குப் போன கப்பல் தகடு

திருவாரூர் பக்கம் எங்கள் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்கு இயந்திர வரைபடங்கள் போட்டுக் கொடுக்கிறேன். மாலையில் மரத்தில் பாய்மரக் கப்பல் செய்கிறேன். முழங்கை நீள மாதிரி. சென்ற ஆடியில் அதன் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தேன். திருச்சியில் மாதிரிக் கப்பல் கண்காட்சி வரவிருந்தது. முடிக்காத கப்பலை அங்கே சேர்க்கமாட்டார்கள்.

வேலையின் வரிசை இது. தாள் போன்ற செம்பைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்ட வேண்டும். பின்பக்கம் ஊசிச் சக்கரத்தை உருட்டி, ஆணித்தலை போலப் புள்ளிகள் எழுப்ப வேண்டும். பின்முனையில் தொடங்கி, ஒன்றின் விளிம்பில் அடுத்தது ஏறும்படி முன்னோக்கி ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஜன்னலைச் சாத்த வேண்டும். அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டு அத்தை உள்ளேயே வந்துவிட்டார்.

"செம்புத் தகட்டுல புள்ளி வச்சு மந்திரிக்கிறியே, எங்க கத்துக்கிட்டம்மா?"

"மந்திரம் இல்ல அத்தை, கப்பலுக்கு. கடல்ல மரத்தைப் புழு துளைக்கும், பாசி புடிக்கும். அதெல்லாம் அண்டாம இருக்கத்தான் தகடு."

"நானும் அதைத்தானே சொல்றேன்? எங்க மோட்டார் அடிக்கடி எரிஞ்சு போவுது. ஒண்ணு குடு, கொட்டாய் வாசல்ல புதைச்சிடுறேன்."

"அது வோல்டேஜ் கம்மியா வர்றதால அத்தை."

"அதுக்கும் சேர்த்துத்தான்."

நான் மறுப்பதற்குள் அம்மா ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார். "இத்தனை கெடக்கு, ஒண்ணுல என்ன வந்துடும்?"

செய்தி தெருவில் பரவியது. விசா வராதவர்கள், வரன் அமையாதவர்கள், பால் கறக்காத மாடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அம்மா யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உபரியெல்லாம் தீர்ந்து, கடைசி வரிசை முடியும்போது ஒரு தகடு குறைந்தது. அந்தச் செம்பு, மாதிரிக் கப்பலின் பாகங்கள் இருந்த பெட்டியோடு வெளிநாட்டிலிருந்து வந்தது, இங்கே கிடைக்காது.

அன்றைக்குத்தான் அத்தை வீட்டுக்காரரின் பங்காளி வந்தார். இரு வீட்டு வயலுக்கும் ஒரே வரப்பு. சேற்றோடு ஒரு தகட்டை இடுக்கியால் பிடித்துத் தூரமாக நீட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க கொட்டாயி வாசல்ல இருந்துச்சு. யாருக்கு எதிரா செஞ்சதும்மா இது?"

"புழுவுக்கு எதிரா, மாமா."

"புழுன்னு யாரைச் சொல்ற?"

தகட்டை வாங்கித் துடைத்து, காலி இடத்தில் ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. கப்பல் முடிந்துவிட்டது.

மாமா குனிந்து பார்த்தார். "சரி, கப்பல் தகடுதான். ஆனா இத்தனை நாளு அவங்களுக்கு மட்டும் காவல் இருந்திருக்கு. எனக்கும் ஒண்ணு குடுத்துடு."

"இல்லையே மாமா, கண்காட்சிக்குப் போகணும்."

"இந்தா மூக்குல இருக்கே, தண்ணியக் கிழிக்கிற எடம். அதுதான் பலமா இருக்கும்."

சமையலறையிலிருந்து அம்மா, "குடுத்துடு. அண்ணன் மனசு சங்கடப்படப் போவுது" என்றார்.

முன்முனைத் தகட்டின் மேல் வேறெதுவும் ஏறியிருக்காது. பிளேடு நுழைந்ததும் சுலபமாக வந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே அத்தை வந்தார். கொட்டகையில் தகட்டைக் காணவில்லையாம். முனையின் மறுபக்கத் தகட்டையும் உரித்துக் கொடுத்தேன். பிறகு திருச்சிக்குப் போன் செய்து, இந்த முறை வரவில்லை என்றேன்.

"ஏங்க, கப்பல் இன்னும் முடியலையா?"

"முடிஞ்சுதுங்க. இப்ப பயன்பாட்டுல இருக்கு."