பத்து கிலோவுக்குள் ஒரு நாய்

சிங்கப்பூர் ஒரு வெளிநாடு என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு நாய்க்குட்டிதான். அதற்கு முன்னால் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் கடலோரம் போய் நின்றால் எதிரே அவர்களுடைய அடுக்குமாடிகள் தெரியும். எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் விடிவதற்குள் அங்கே வேலைக்குக் கிளம்பி, பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள். என் கூடப்பிறந்த தங்கையே அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், இருபது வருஷம் ஆகப்போகிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு வெளிநாடாவது, வெங்காயமாவது!

நாய்க்குட்டி வந்த கதை சின்னது. என் வீட்டுக்காரர் இங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அங்கே காவலர் கூண்டுக்குப் பின்னால் ஒரு தெருநாய் குட்டி போட்டது. நிர்வாகம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டது. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போக, யாரும் தொடாத கடைசிக் குட்டியை இவர் மழைக்கோட்டில் சுற்றி, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. "மீன் வாங்கிட்டு வாங்கன்னா நாயை வாங்கிட்டு வர்றீங்களே" என்று நான் போட்ட சத்தத்தில் குட்டி பயந்துபோய் என் செருப்பின் மேலேயே ஒன்றுக்குப் போனது.

தீபாவளி அன்று தங்கை வந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். குட்டி நேராகப் போய் அவள் மடியில் ஏறிச் சுருண்டு தூங்கிவிட்டது. பட்டுச் சேலை கசங்குகிறது, கால் மரத்துப்போகிறது, அவள் அசையவில்லை. முறுக்குத் தட்டை நான்தான் அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டியிருந்தது.

"அக்கா, இவனை நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

அவள் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். போனால் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார். பிள்ளைகள் இல்லை. "வேலை முடிஞ்சு போய்க் கதவைத் திறந்தா, காலையில வச்சது வச்ச இடத்துலயே இருக்குக்கா. எவனாவது ஒரு செருப்பைக் கடிச்சுப் போட்டிருந்தாகூடத் தேவலைன்னு இருக்கு" என்றாள். இவள் ஃபோனில் ஒரு நாளும் இப்படிப் பேசினதில்லை.

"தாராளமா எடுத்துட்டுப் போ. ஒரு துண்டுல சுத்தித் தரேன், பலகாரப் பையோட பையா போயிடும்" என்றேன்.

அவள் அலறிவிட்டாள். "அய்யய்யோ, ஜெயில்ல போட்டுடுவாங்கக்கா!"

நான் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் வேறு, காரில் மறைத்துக் கொண்டுபோய் விடுகிற ஆட்கள் இருப்பதாகத் தன் பங்குக்கு எடுத்துவிட்டார். மறுவாரம் டவுனில் உள்ள சீனக் கால்நடை டாக்டரம்மாவிடம் குட்டிக்கு முதல் ஊசி போடப் போனபோதுதான் அந்த ஆட்களின் வேலை என்ன என்று தெரிந்தது. குட்டிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, ஸ்பேர் டயர் வைக்கிற குழியில் அடைத்துக் கொண்டுபோவார்களாம். சில குட்டிகள் அக்கரையில் கண் விழிப்பதே இல்லையாம். டாக்டரம்மா மலாயும் ஆங்கிலமும் கலந்து இதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு துண்டுப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

சரி, முறைப்படியே போவோம் என்று இறங்கினோம். இறங்கிய பிறகுதான் ஆழம் தெரிந்தது. முதலில் கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசிமணி மாதிரி ஒரு சிப் வைக்க வேண்டும். குட்டிக்குக் குறிப்பிட்ட வயசு ஆன பிறகுதான் வெறிநாய்க்கடி நோய்க்கு ஊசி. ஊசி போட்டுக் கொஞ்ச நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஊசி வேலை செய்திருக்கிறதா என்று சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வந்த பிறகும் காத்திருக்க வேண்டும். அப்புறம் இறக்குமதி உரிமம், டாக்டர் சான்றிதழ், அங்கே தனித்து வைத்துக் கண்காணிக்கிற குவாரண்டீனில் இடம். "எங்க குட்டிக்கு வெறியா? அவனுக்குக் குரைக்கவே தெரியாது!" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். கடித்த பிறகு நோய் வந்துவிட்டால் மனுஷனைக் காப்பாற்ற முடியாது, அதனால்தான் இத்தனை கெடுபிடி என்று அவர் பொறுமையாகச் சொன்னார். என் பாஸ்போர்ட்டுக்குக்கூட நான் இவ்வளவு அலைந்ததில்லை.

படிவத்தில் நாய் என்ன இனம் என்று ஒரு கேள்வி வந்தது. நானும் தங்கையும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். "பாசிர் கூடாங் ஷெப்பர்டுன்னு போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தங்கை இருப்பது காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடியில். அங்கே நிர்வாகம் தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தது: பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய் உள்ளே வரக்கூடாது. குட்டி அப்போது மூன்று கிலோகூட இல்லை. அரசாங்கமோ பொறு, பொறு என்கிறது. பொறுக்கப் பொறுக்க நாய் வளராமல் என்ன செய்யும்? எல்லாக் காகிதமும் கைக்கு வரும்போது இவன் பத்தைத் தாண்டிவிட்டால் அத்தனையும் வீண். அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பழையபடி யாரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் சனிக்கிழமைதோறும் எடை பார்ப்பது என்று முடிவானது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறேன் என்றால் தங்கை கேட்கவில்லை, நேரிலேயே வந்தாள். என்னிடம் இருந்தது குளியலறைத் தராசு ஒன்றுதான். அதில் நாய் நிற்காது. யாராவது நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, அப்புறம் தனியாக ஏறி நின்று, கழித்துப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் தூக்கினால் அவன் புழுவாக நெளிந்து இறங்கி ஓடுவான். ஆக, நான்தான். நாற்பது வயசுக்குப் பிறகு என் எடையைக் கட்டின புருஷனிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது வாரா வாரம் தங்கை அதை உரக்கப் படித்து ஃபோனில் கழித்தல் கணக்குப் போடுகிறாள், இவர் சோபாவில் உட்கார்ந்து "அப்படியா, அப்படியா" என்கிறார். வேணும், எனக்கு நல்லா வேணும்.

முதல் சில வாரம் அவள் வந்ததும் எடை பார்த்து, ஒரு காப்பி குடித்து, எல்லைப் பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன் போகணும் என்று ஓடினாள். அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தாள். அப்புறம் மத்தியானச் சாப்பாட்டையே அவள் சமைக்க ஆரம்பித்தாள். என் சாம்பாரில் குறை கண்டுபிடித்தாள். சின்ன வயசில் என் நீல ரிப்பனை எடுத்தது அவள்தான் என்று நான் நெடுநாளாகச் சந்தேகப்பட்டதை ஒரு சனிக்கிழமை கேட்டே விட்டேன். இல்லவே இல்லை என்று சாதித்தாள். அடித்துக்கொள்ளாத குறை. சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமையே மார்க்கெட்டுக்குப் போய் அவளுக்குப் பிடிக்கும் என்று கடம்பாக் கணவாய் வாங்கி வைப்பேன்.

நாயோ ஏறிக்கொண்டே இருந்தான். ஆறு, ஏழு, எட்டு. சோற்றை அளந்து வைத்தேன். காலையிலும் மாலையிலும் பூங்காவைச் சுற்றி நடத்திக் கூட்டிப் போனேன். பக்கத்து வீட்டு மலாய் டீச்சரம்மா என்னைப் பார்த்து, "அக்கா, ஆளே மெலிஞ்சுட்டீங்களே!" என்றார். உண்மைதான். தராசில் நானும் நாயும் சேர்ந்து நிற்கிற எடை மாறவே இல்லை. நான் இளைத்த கிலோவையெல்லாம் அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

யாரோ தீனி போடுகிறார்கள் என்பது தெளிவு. வீட்டில் நான் இருக்கிறேன், இவர் இருக்கிறார். நான் போடவில்லை. அப்போ யார்? இவர் வேலை முடிந்து வரும்போது சட்டைப் பையை மோந்து பார்த்தேன். ரொட்டிச்சானாய்ப் பரோட்டா வாசனை. "நான் தின்னுட்டு வந்தேன்டி! மனுஷன் திங்கக் கூடாதா?" என்று கத்தினார். "அந்தப் பொண்ணு தனியா கிடக்குது, உங்களுக்கு விளையாட்டா இருக்கா?" என்று நானும் கத்தினேன். அதற்குப் பிறகு பாவம், மனுஷன் வீட்டில் பிஸ்கட் தின்றால்கூட வாசலுக்கு வெளியே போய் நின்று தின்றார். நாய் இரும்புக் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்பான். தங்கை மட்டும், "மாமாவை விடுக்கா, பாவம்" என்று அவருக்குப் பரிந்து பேசுவாள். என்ன குணம் என் தங்கைக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

ரத்தச் சோதனை நல்லபடியாக வந்தது. உரிமம் வந்தது. குவாரண்டீனில் இடமும் கிடைத்துவிட்டது. நிற்கவும் திரும்பவும் வசதியாகக் கூண்டுகூட வாங்கியாகிவிட்டது. என் குளியலறைத் தராசு மட்டும் பதினொன்று காட்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிச் சான்றிதழுக்காக அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் நாயோடு டாக்டரம்மாவிடம் போனோம். காரில் நான் சாமியை வேண்டிக்கொண்டே வந்தேன். அவன் மட்டும் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு ஜாலியாக வந்தான்.

டாக்டரம்மா அவனைத் தரையோடு இருந்த பெரிய எந்திரத்தில் ஏற்றினார். எண் ஓடி நின்றது. ஒன்பது புள்ளி நான்கு.

"கெனாட் லா, இருக்கவே முடியாது டாக்டர்! வீட்டுல பதினொன்னு" என்றேன். இறக்கி மறுபடி ஏற்றினார். அதே ஒன்பது புள்ளி நான்கு. வளர்ச்சியும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, இனிமேல் பெரிதாக ஏற மாட்டான் என்றார். உங்கள் தராசைக் குப்பையில் போடுங்கள் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தராசு பொய் என்றால் நானும்கூட நினைத்ததைவிடக் குறைச்சல்தானே! என் வீட்டுக்காரர் கையைத் தட்டினார். நான் நாயைக் கட்டிப்பிடித்தேன்.

தங்கை மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

"நானும் வாரா வாரம் கோழி, ஈரல், முட்டைன்னு கொண்டாந்து போட்டுத்தான்கா பார்த்தேன்" என்றாள். "ஏறித் தொலைய மாட்டேங்குறானே!"

முதலில் வாயைத் திறந்தவர் என் வீட்டுக்காரர்தான். "கேட்டியாடி? நல்லாக் கேட்டுக்கிட்டியா?" என்று என் பக்கம் திரும்பினார். இத்தனை மாசத்துக் குற்றச்சாட்டும் அந்தக் குரலில் இருந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "பைத்தியமாடி உனக்கு? ஊசி, ரத்தம், காகிதம்னு நாயா அலைஞ்சதும் நீ, கெடுக்கப் பார்த்ததும் நீயா? வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"முதல்ல நிஜமாவே இவன் வேணும்னுதான்கா ஓடினேன்" என்றாள். "அப்புறம் சனிக்கிழமை பழகிடுச்சு. இவனை அங்க கொண்டுபோயிட்டா, நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டு இங்க வர்றது?"

"அக்கா வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு காரணம் வேணுமா? நாய் இல்லாட்டி வர மாட்டியா?"

"தீபாவளியை விட்டா இத்தனை வருஷம் வந்தேனா?" என்றாள். "நீயும்தான் கூப்பிட்டியா?"

குத்திக்காட்டவில்லை. கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். சண்டை ஏதாவது நடந்திருந்தால்கூட அதன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். எங்களுக்குள் ஒரு சண்டையும் நடக்கவில்லை. அவள் அங்கே இருந்தாள், நான் இங்கே இருந்தேன், தீபாவளி வந்தது, போனது. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. கையில் பேனாவோடு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்துப் போடவா, வேண்டாமா என்று கேட்டார்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"வேணாம் டாக்டர். இவன் எங்கேயும் போகலை" என்றேன். அப்படியானால் இங்கே நகராட்சியில் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், அதுவும் சட்டம்தான் என்று சொல்லி அவர் பேனாவை மூடினார்.

கார் கதவைத் திறக்கும்போது தங்கையிடம் சொன்னேன், "நீயும் இன்னைக்குப் போகாதே."

"மாத்துத் துணி கொண்டுவரலையேக்கா."

"என் நைட்டியைப் போட்டுக்க. தொளதொளன்னு இருக்கும். இருந்தா என்ன?"

போட்டுக்கொண்டாள். கல்யாணமாகிப் போன பிறகு அவள் என் வீட்டில் தங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை.