சந்தனம் வைத்த ஸ்பிரிங்குகள்

அண்ணாவின் பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தாள். திறக்காமலே உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். உள்ளங்கை அகலத்தில் இரண்டு சர்க்யூட் பலகைகள். கீழ்ப் பலகையில், பேனா ஸ்பிரிங்கை வெட்டி அண்ணா பொருத்திய எட்டு முனைகள். மேல் பலகையை அவற்றின்மேல் அழுத்தித் திருகை முடுக்கினால் மின்சாரம் ஓடும்.

எழுபதுகளில் மேற்கு மாம்பலத்தில் இருந்தோம். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாமல் தெருவே குடத்தோடு காத்துக் கிடக்கும். தண்ணீர் வந்தால் மணியடிக்கிற கருவி ஒன்றை அண்ணா செய்தான். "ரெண்டு பலகைக்கும் நடுவுல ஈயம் உருக்கி ஒட்டவே வேண்டாம்டி. கெட்டுப்போனா கழட்டி வேற மாட்டிக்கலாம்" என்று நாளைக்கு நாலு தரம் சொல்வான். டிப்ளமா முடித்து இரண்டு வருஷமாக வேலை இல்லை. கிண்டியில் ஒரு சின்னத் தொழிற்சாலை முதலாளி, விஜயதசமியன்று கொண்டுவந்து காட்டு, பிடித்தால் இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தார்.

ஆயுத பூஜையில் கருவியையும் வைத்தோம். மேல் பலகையில் அம்மா வைத்த பொட்டு எனக்குப் போதவில்லை. அண்ணா குளிக்கப் போனபோது திருகைக் கழற்றி, எட்டு முனைகளுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பழையபடி மூடினேன். அவனுக்கு நல்லது நடக்க வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. சாயங்காலம் ஒருமுறை போட்டுப் பார்க்க அவன் கை நீட்டியபோது அம்மா தடுத்தாள்.

"பூஜையில வெச்சதைத் தொடப்படாது. காலம்பற புனர்பூஜை ஆகட்டும்."

காலையில் நல்ல நேரம் போய்விடும் என்று விரட்டி அனுப்பினாள்.

அங்கே மணி அடிக்கவில்லை. வாளித் தண்ணீரில் கம்பியை மூன்று தரம் முக்கினானாம். "இன்னா தம்பி, வூட்ல மட்டுந்தான் அடிக்குமா?" என்று யாரோ சிரிக்க, அவன் திருகில் கை வைப்பதற்குள் முதலாளி எழுந்து போய்விட்டார்.

"ஸ்பிரிங்கை நம்பினது என் முட்டாள்தனம்" என்று சொல்லிக்கொண்டே கருவியை இந்த டப்பாவில் போட்டு மூடினான். காய்ந்த சந்தனம் மின்சாரத்தை விடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பௌதிகத்தில் முதல் மார்க் வாங்குகிறவள் நான். வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு அவனே கழற்றிப் பார்த்துவிடுவான், என்னைத் திட்டிவிட்டு மறுபடி கிண்டிக்குப் போவான் என்று காத்திருந்தேன். அவன் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் எழுதப் போனான். அதிலேயே தலை நரைத்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்குப் புடவை எடுத்துவந்தான், நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்று டப்பாவைத் திறந்து திருகைக் கழற்றினேன். எட்டு முனைகளிலும் சந்தனம் நான் வைத்தபடியே இருக்கிறது. அவன் ஒரு தரம்கூடத் திறந்து பார்க்கவில்லை.