பதினோரு அடித் திரைக்கு ஒரு பின்வண்டி

மகாயுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் கணவர் கிளைவ் தெருவில் ஒரு கம்பெனியில் ஆபீசர். பவானிப்பூரில் எங்கள் வீட்டைச் சுற்றி இருந்த தமிழ்க் குடும்பங்களின் ஆண்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். பெண்களுக்கு மேடையில் இடமில்லை. ஆனால் மேடையில் தொங்கிய மூன்று திரைகளும் நான் வர்ணம் தீட்டி எழுதியவை. அரண்மனை ஒன்று, ஆகாயமும் ஆறும் ஒன்று, காடு ஒன்று. காட்டுக்கு மட்டும் நான்கு மாதம் பிடித்தது.

ஒரு வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சாந்த்ராகாச்சி ரயில்வே காலனித் தமிழர்கள் நாடகம் போட எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். திரைகளை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினோம். வண்டி ஆற்றங்கரைக்குப் போன நேரம், கப்பல்களுக்கு வழிவிட ஹௌராவின் மிதவைப் பாலத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். திரைகள் வந்து சேர்ந்தபோது நாடகம் முடிந்து, எல்லாரும் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜா ஒரு சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நாட்டை இழந்து, அதே சுவருக்கு முன்னால் காட்டுக்குப் போனார். 

அடுத்த வருஷம் மறுபடி அழைப்பு வந்தது. அதற்குள் என் கணவர் துணிக்கூரை போட்ட பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். "காருக்குப் பின்னால ஒரு சின்ன வண்டியை மாட்டி இழுத்துண்டு போயிட்டா என்ன?" என்று காபி குடித்துக்கொண்டே கேட்டார். ஆபீசில் அதை டிரெய்லர் என்பார்களாம். எங்கள் வீட்டில் அது அந்த நிமிஷமே பின்வண்டி ஆகிவிட்டது. அன்று நான் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

திரையை மடிக்கக் கூடாது. மடித்தால் வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கலந்த வர்ணம் விரிசல்விட்டு உதிரும். மூங்கிலில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மூங்கிலின் நீளம் பதினோரு அடி. அந்த நீளத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கையில் சுற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் அலிப்பூர். சீமைக்குத் திரும்பிப் போகும் ஒரு துரை தன் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவர் முகாமுக்குக் கூடாரம் ஏற்றிப் போன வண்டி, வார்னிஷ் மினுமினுக்க வேப்பமரத்தடியில் நின்றது. பித்தளைக் கீல் போட்ட மூடி வேறு. என் கணவர் அதைத் தடவிய தடவலைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. கயிற்றை நீட்டினேன். ஆறாவது முடிச்சோடு வண்டி முடிந்துவிட்டது.

"ஏன்னா, இது வண்டி இல்லை, பெட்டி. பாதித் திரை வெளியில நீட்டிண்டு நிக்கும்."

"எவ்வளவு அழகா இருக்கு பாரேன்!"

"அழகுக்கு என் காடு இருக்கு. ஏத்திண்டு போறதுக்குத்தான் வண்டி வேணும்."

கார்டன் ரீச் போகும்வரை அவர் அந்தப் பித்தளைக் கீலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அங்கே ஆற்றோரமாக ஒரு பட்டறை. பழைய வண்டிகளை வாங்கிப் பழுதுபார்த்து விற்கும் வங்காளி மிஸ்திரி ஒருவர் அதை நடத்தினார். யுத்தத்தில் ஓடிய இரும்பு டிரெய்லர் ஒன்றைக் காட்டினார். பன்னிரண்டு அடி! கயிறு முழுவதும் அதற்குள் அடங்கியதைப் பார்த்து நான் குதிக்காத குறை. "ஏற்றத்தில் இழுத்துப் பாருங்கள்" என்றார் மிஸ்திரி. அதை மாட்டிக்கொண்டு, பட்டறையிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவில் கார் பாதிதான் போயிற்று. முக்கி முனகி நின்றது. பிறகு மெல்ல, ஆற்றைப் பார்த்துப் பின்னால் நகர ஆரம்பித்தது.

"பிரேக் நிக்கலை! கல்லு போடு! கல்லு!" என்று கத்தினார் அவர். நான் குதித்து இறங்கி, கிடந்த செங்கற்களைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினேன். மிஸ்திரி ஓடி வந்து மறுபக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். வண்டி நின்றது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"கீ நீயே ஜாபேன், மா?" என்று கேட்டார் மிஸ்திரி. அப்படி என்னத்தைத்தான் ஏற்றிப் போகப் போகிறீர்கள் என்று.

நாங்கள் பௌதி என்று கூப்பிடும் அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்களிடம் கற்ற அரைகுறை வங்காளியில் சொன்னேன்: "ஒரு அரண்மனை, ஒரு ஆகாயம், ஒரு காடு."

மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் ஜாத்ரா என்னும் அவர்கள் ஊர்க் கூத்தில் இருபது வருஷமாக ராணி வேஷம் கட்டுகிறவராம். "முதலிலேயே சொல்லக் கூடாதா, மா!" என்று எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

அங்கே நின்றது பார்க்க ஒன்றுமே இல்லை. இரண்டு சக்கரம், ஏழு அடி மரத்தட்டு, முன்னால் காரோடு மாட்ட நீளமான ஏர்க்கால். பக்கப் பலகைகூடக் கிடையாது. அவர் விறுவிறுவென்று காட்டினார். ஏர்க்காலின் மேல் ஒரு கவைக்கட்டையை நிறுத்தினால் மூங்கிலின் முன்பாதி அதில் படுத்துக்கொள்ளும். கார் திரும்பினாலும் இடிக்காது. சக்கரம் எங்கள் கார்ச் சக்கரத்தின் அதே அளவு. மாற்றுச் சக்கரம் ஒன்றே இரண்டுக்கும் போதும். தட்டின் பின்கோடியில் அவர் ஏறி நின்றார், ஏர்க்கால் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டது. ஓர் அடி முன்னால் நகர்ந்தார், அது அடங்கி இறங்கியது. "பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். தூக்கிப் பாருங்கள், மா." தூக்கினேன். ஒரு குடம் தண்ணீரின் கனம் கையில் இருந்தது. "அந்தக் கனம்தான் சரி" என்றார்.

சரிவில் கார் அதை இழுத்துக்கொண்டு ஓடியே போயிற்று. காரைப் பின்னால் எடுக்கும்போதுதான் வம்பு. என் கணவர் வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போயிற்று. மூன்று தடவை பார்த்துவிட்டுச் சலித்து இறங்கினார்.

"நம்ம சந்துல இதை எப்படித் திருப்பறது? வேண்டாம், வா போகலாம்."

"கழட்டுங்கோ" என்றேன். ஏர்க்காலைக் கழற்றினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இருந்த இடத்திலேயே, ஒரு கட்டிலைத் திருப்புவது மாதிரி அதைச் சுற்றித் திருப்பிவிட்டோம். அவர் பணப்பையை எடுத்தார். நான் கயிற்றை அவிழ்த்து மிஸ்திரியிடம் கொடுத்தேன், கவைக்கட்டைக்கு அளவாக.

நாடகத்தன்று காலையிலேயே புறப்பட்டுவிட்டோம். மூன்று மூங்கிலையும் எண்ணெய்த் துணியில் பொதிந்து, பின்நுனியில் என் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டியிருந்தேன். ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்ததால் மிதவைப் பாலமும் தாழ்ந்து, அதற்கு இறங்கும் சரிவு செங்குத்தாக இருந்தது. நான் இருக்கையில் மண்டியிட்டுப் பின்னால் பார்த்தபடியே போனேன். பின்வண்டி எங்கள் காரின் தடத்திலேயே, பிசகாமல், தட் தட்டென்று பலகைகள் மேல் வந்தது. பக்கத்தில் போன குதிரைவண்டிக்காரன் என்னவென்று கேட்டான். "ஜங்கோல்!" என்று கத்தினேன். காடு போகிறது என்று அவனுக்கு என்ன புரிந்ததோ, சலாம் போட்டான்.

சாயங்காலம் ரயில்வே ஹாலில் ராஜா நாட்டை இழந்தார். விளக்கைக் குறைத்து, கயிற்றை இழுத்தார்கள். என் காடு விரிந்து இறங்கியது.  பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்து, ஆண்கள் பக்கமும் பரவிற்று. அந்தக் காட்சியில் யாரும் இன்னும் வாய் திறந்து ஒரு வசனம் பேசவில்லை. மந்திரி வேஷத்தில் நின்ற என் கணவர் திரையையே திரும்பிப் பார்த்துக்கொண்டு தன் வசனத்தை மறந்துவிட்டார். நான் மேடை ஓரத்திலிருந்து மெல்ல எடுத்துக் கொடுத்தேன்.

நாடகம் முடிந்ததும் கரக்பூரிலிருந்து வந்திருந்த ஒரு மாமி என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எங்க காலனிக்கும் வரணும். ஆனா ரொம்ப தூரமாச்சே, இத்தனையையும் எப்படிக் கொண்டு வருவேள்?"

என் கணவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "எந்த ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் சொல்லுங்கோ, மாமி" என்றேன்.