மானுக்குக் கட்டிய தழை

பேய் பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற ஆள் நான். எங்கள் தெருவில் ஒருத்திக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஊரே கூடி நின்றபோது, சோறு தண்ணியில்லாமல் வெயிலில் களை வெட்டினால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும் என்று முகத்துக்கு நேரே சொல்லி, அவள் மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. இன்னொருத்தி சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் ஏலாக்குறிச்சி மாதா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நடந்தது நடந்ததுதான்.

எங்கள் ஊர் ரெட்டிபாளையத்துக்குப் பக்கம். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளம் ஒன்று எங்கள் கொல்லைக்காட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும், சுற்றிலும் கருவேலம் மண்டிக் கிடக்கும். அங்கே புள்ளிமான் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. பெரம்பலூர்ப் பக்கம் காடு காய்ந்ததால் வந்தது என்றார்கள் சிலர், எப்போதுமே இங்கேதான் இருந்தது என்றார்கள் சிலர். எப்படி வந்தால் என்ன, கோடையில் குடிக்கத் தண்ணீர் இருந்ததே தவிர அதுகளுக்குத் தின்ன ஒன்றுமில்லை. இரை தேடி ரோட்டுப் பக்கம் வந்த ஒரு குட்டியை நாய்கள் குதறிப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இதுகளை ரோட்டுக்கு வரவிடக் கூடாது, பள்ளத்தோரமே ஏதாவது கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

முதலில் மக்காச்சோளத்தைக் கொண்டுபோய்க் கொட்டினேன். அடேயப்பா, மயில் எங்கிருந்துதான் வந்ததோ! மயில் போனால் மைனா, மைனா போனால் காக்கா. மிச்சம் மீதியை மோப்பம் பிடித்துக்கொண்டு காட்டுப்பன்றி வந்தது, பன்றியைத் துரத்திக்கொண்டு அதே நாய்களும் வந்தன. மான் வாயில் ஒரு மணி போகவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார்.

"மானுக்குன்னு சொல்லிட்டு ஊர்ல உள்ள மயிலுக்கெல்லாம் பந்தி போடுற மேரி!"

அவர் கல் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அந்தப் பத்தும் டீக்கடையில்தான். அவர் என்னைக் கிண்டல் செய்ததே எனக்கு அதிசயமாக இருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் ஆட்டுக்கு எப்படிக் கொடுக்கிறோம்? தழையைக் கீழே போட்டால் மிதித்துப் பாழாக்கும் என்று கொட்டகையில் கயிறு கட்டி வாய் உயரத்துக்குத் தொங்கவிடுகிறோம் இல்லையா, அதையே செய்தேன். பழைய வேலியின் கல்லுக்கால்கள் பள்ளத்தோரம் நின்றன. அதில் கயிற்றை இழுத்துக் கட்டி, வாகைத்தழையும் ஆலந்தழையும் கட்டுக்கட்டாக மான் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டேன். பன்றிக்கு எட்டாது. தானியம் இல்லாததால் பறவைக்கு அங்கே வேலையில்லை. மயில் பனைமரத்தில் அடையப் போகிற நேரம் பார்த்துத்தான் கட்டுவேன். விடிந்ததும் போய் மிச்சக் குச்சியை அள்ளிக்கொண்டு, சுற்றி உள்ள மண்ணை விளக்குமாற்றால் சுத்தமாகக் கூட்டிவிடுவேன், மறுபடி பன்றி கிளறக் கூடாது என்று. கூட்டிய மண்ணில் எது வந்து போனாலும் கால் தடம் அச்சு வார்த்ததுபோல் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தழை கட்டி முடித்ததும் அரிவாளின் முதுகால் கல்லுக்காலில் தட்டுவேன். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. ஆட்டுக்கு அப்படித் தட்டியே பழக்கம், கை தானாகத் தட்டியது. கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் கேட்டால் கருவேலத்துக்குள்ளிருந்து சருகு நொறுங்க மான்கள் வர ஆரம்பித்தன. முன்னால் வருவது எப்போதும் ஒரு பெட்டை, அதன் இடது காது இரண்டாகக் கிழிந்திருக்கும். அது வந்து பார்த்துத் தலையை ஆட்டினால்தான் மற்றதெல்லாம் வரும். அந்தப் பக்கம் வந்த வனக்காவலர் ஒருவர்கூட, "யக்கா, காட்டு உசுர சத்தத்துக்குப் பழக்காதீங்க, ஆளக் கண்டா அது ஓடணும், அதான் அதுக்கு நல்லது"ன்னு சொன்னார். என் தட்டுக்குத்தானே வருகிறது, கண்டவன் தட்டுக்கா வரப்போகிறது என்று நான் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்காரரும் கூட வர ஆரம்பித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்தது அப்போதுதான். சில நாள் அவரே வாகை ஒடித்துக்கொண்டு வந்து வைப்பார். "நானும் ஒருக்கா தட்டிப் பாக்கவா?" என்று சின்னப்பிள்ளைபோல் கேட்டார். எப்படித் தட்ட வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். அவர் தட்டியும் கிழிஞ்ச காது வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் மகள் ஜெனி பிரசவத்துக்காக நான் திருச்சிக்குப் போக வேண்டியதாயிற்று. மனசெல்லாம் மான் மேல்தான் இருந்தது. "நீ போயிட்டு வாடி, தழைய நான் கட்டுறேன்"னார். போனில் கேட்டால், "வந்துச்சு, தின்னுச்சு, ஒன்னத்தான் தேடுது"ம்பார். நான் அதைக் கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். மடச்சி.

திரும்பி வந்த அன்றைக்கு, களைத்து வந்திருக்கிறேன் என்று அவரே ரசம் வைத்து, உப்புக்கண்டம் வறுத்து வைத்திருந்தார். அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன்! "ஏதுங்க இது?" என்றேன். "சந்தையில ஆட்டுக்கறி வாங்கிக் காயப்போட்டேன், தின்னு"ன்னார். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தரம் போட்டுத் தின்றேன்.

மறுநாள் பொழுது சாயும்போது தழை வெட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் தலைவலி என்று படுத்தார். நான் விடவில்லை, இழுத்துக்கொண்டுதான் போனேன். அவர் மொபெட் வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார், கிட்டே வரவில்லை. நான் மண்ணைக் கூட்டிவிட்டுத் தழையைக் கட்டினேன், தட்டினேன்.

வந்தன. எல்லாமே வந்தன. ஆனால் சருகு நொறுங்கவில்லை. காய்ந்த கருவேல முள்ளும் இலையும் அவ்வளவு கிடக்கிறது, ஒரு சின்னச் சத்தம் இல்லை. கிழிஞ்ச காது முன்னால் நின்றது. தழைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, வாய் வைக்கவில்லை. வாய் மட்டும் எதையோ மெல்கிற மாதிரி அசைந்துகொண்டே இருந்தது, வாயில் ஒன்றுமில்லை. என்னடி கோபமா, இத்தனை நாள் வரவில்லை என்று கோபமா என்று கேட்டுக்கொண்டே ஒரு கொத்தை நீட்டினேன். எப்போதும் நான் ஓரடி எடுத்து வைத்தால் துள்ளிப் போய்விடும் அது, அன்றைக்கு அசையவில்லை. அது என்னைப் பார்க்கவே இல்லை. அத்தனை மானும் எனக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, இஞ்ச பாருங்களேன், எல்லாம் ஒங்களையே பாக்குது!"

"எதுடி?"

"கண்ணு தெரியலையா? மான்தான்!"

"மேரி, வெளையாடாத. அங்க ஒண்ணுமில்ல."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன், காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருந்தது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால் மான்கள் அப்படியே நிற்கின்றன. அப்போது அடையப் போகாத மயில் ஒன்று கருவேலத்திலிருந்து வந்து, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே, அங்கே எதுவுமே இல்லாததுபோல் மண்ணைக் கொத்திக்கொண்டு நேராக நடந்து போனது. நம்பினால் நம்புங்கள், அது கிழிஞ்ச காதின் கால்களுக்குள் புகுந்து வெளியே வந்தது. அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியில் ஏறிக்கொண்டேன்.

விடிந்ததும் தனியாகத்தான் போனேன், எனக்குத் தெரிந்தாக வேண்டும். தழை கட்டினபடியே வாடித் தொங்கியது, ஒரு இலை கடிபடவில்லை. முன்தினம் நான் கூட்டிவிட்ட மண்ணில் என் கால் தடம் இருந்தது, மயில் கால் தடம் இருந்தது. மான் குளம்பு ஒன்றுகூட இல்லை.

அந்த வாரமே வனக்காவலர் வீட்டுக்கு வந்துவிட்டார். பள்ளத்தில் தண்ணீர் இறங்கியதும் சாக்குமூட்டைகள் வெளியே தெரிந்திருக்கின்றன, உள்ளே தோலும் தலையும். எல்லாம் அழுகி, எலும்பு தெரிகிற நிலையில் இருந்ததாம். பக்கத்து ஊரில் நாட்டுத் துப்பாக்கியோடு இரண்டு பேர் பிடிபட்டு, எங்கள் வீட்டுக்காரர் பெயரையும் சொல்லியிருக்கிறார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போகும்முன் வனக்காவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தலையில இடது காது ரெண்டா கிழிஞ்சிருந்துச்சுக்கா, நீங்க சொல்வீங்களே, அதுவா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் திருச்சியில் இருந்தபோதே எல்லாம் முடிந்துபோயிருக்கிறது.

ஜாமீனில் வந்த அன்றைக்கு அவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"நீங்க தட்டுனீங்களா?"

"அவனுவ நம்பலடி. நான் தட்டுனா மான் வரும்னு டீக்கடையில சொன்னேன், சிரிச்சானுவ. காட்டலாம்னுதான் கூட்டிட்டுப் போனேன். துப்பாக்கி கொண்டாந்தது எனக்குத் தெரியாது, சத்தியமா."

"மொத நாளு தெரியாது, சரி. மறுநாளும் தட்டுனீங்களே?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அந்த உப்புக்கண்டம்?"

தலையைக் குனிந்துகொண்டார். நான் கொல்லைக்கு ஓடி வாயில் விரலை விட்டு விட்டுக் குமட்டினேன், இத்தனை நாள் கழித்து என்ன வரும்? பாவி மனுஷன், கொன்றதைக்கூட ஒரு நாள் மறந்து தொலைப்பேன். கிழிஞ்ச காதை வறுத்து என் தட்டில் வைத்து, தின்னு என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாரே, அதை எப்படி மறப்பது? அதுகள் அவரை நம்பி வரவில்லை, என் தட்டுச் சத்தத்தை நம்பி வந்தன. என்னையும் வைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறார். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேனே என்று நினைத்தால் இன்றைக்கும் அந்தக் கை எரிகிறது.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம்தான், ஜெனியும் வா வா என்கிறாள். போக முடியாமல்தான் இருக்கிறேன், காரணத்தைக் கேளுங்கள். அதற்குப் பிறகு நானாகப் பள்ளத்துப் பக்கம் போனதே இல்லை. போட்டுவிட்டு வந்த அரிவாளை எடுக்கவும் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்து நான் ஜெபமாலையை எடுத்து உட்காருகிற நேரத்துக்குப் பள்ளத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வருகிறது. இரும்பு கல்லில் படுகிற சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. பக்கத்து வீட்டில் கேட்டேன், அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம்.

அவருக்குக் கேட்கிறது. டிவி பார்த்துக்கொண்டிருப்பவர் சட்டென்று தலையைத் தூக்குவார், அப்படியே அசையாமல் இருப்பார், அப்புறம் எழுந்து கதவைத் திறந்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். முதல் தடவை பள்ளத்து விளிம்புவரை போய்விட்டார், கருவேல முள் கிழித்து ரத்தம் வடிய இழுத்துக்கொண்டு வந்தேன். கல்லுக்காலில் அவர் வாய் உயரத்துக்குப் புதிதாக ஒரு கட்டு வாகைத்தழை தொங்கியது. நான் கட்டவில்லை. அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் கதவைப் பூட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். மேரி என்ன இருந்தாலும் தங்கமானவ, புருஷனைக் கைவிடவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் எனக்கு வெறுத்துவிட்டது. இந்த மனுஷனுக்கு நான் ஏன் காவல் இருக்க வேண்டும், யார் கூப்பிடுகிறார்களோ அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று, கதவைத் திறந்து போட்டுவிட்டு அவர் கையையும் விட்டுவிட்டேன். சத்தம் வந்தது. அவர் தலையைத் தூக்கினார். போகட்டும், போய்த் தொலையட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எதிரே பீரோக் கண்ணாடி. அதில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். இரண்டு பேருமே எழுந்து நின்றிருந்தோம், இரண்டு தலையும் கதவைப் பார்த்துத் தூக்கியிருந்தன. நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. என் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.