நான் வாசிக்காத வரி

எட்டாம் வகுப்பில் எனக்கு வாய்த்த பதவி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘இசையில் இன்று’ வாசிப்பது. செய்தி வாசிப்பவளுக்கும் பொன்மொழி சொல்பவளுக்கும் நடுவே எனக்கு இரண்டு நிமிடம். அதே தேதியில் முந்தைய ஆண்டுகளில் எந்தப் பாடகர் பிறந்தார், எந்த இசைத்தட்டு வெளிவந்தது, கடல் கடந்த நாடொன்றில் எந்த வாத்தியக் குழு சண்டையிட்டுப் பிரிந்தது என்று ஆறு வரிகள். அப்பாவின் கைப்பேசியில் தேடித் தமிழில் எழுதிக்கொள்வேன். எங்கள் ஊரான சுருளிப்பட்டியில் எவரும் கேட்டிராத பெயர்களைப் பிசகின்றி உச்சரிக்கிறேன் என்பதில் எனக்கு அளவற்ற கர்வம். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு வெயிலைத் தவிர வேறு நினைப்பு இருந்திருக்காது என்பது இப்போது தெரிகிறது.

அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தார். திருமணம் முறிந்து திரும்பியவர். திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போய்வந்தார். திருமணத்துக்கு முன்பு கம்பத்து மெல்லிசைக் குழு ஒன்றில் அவர் பாடியிருக்கிறார். அக்குழுவின் பெண்கள் நால்வரை ஒருமுறை சென்னைக்கு அழைத்துப்போய்த் திரைப்பாடல் ஒன்றுக்குக் கோரஸ் பாட வைத்தார்கள். ஒரே ஒரு நாள்தான். பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. கேசட்டின் உறையில் பாடகர், பாடகி பெயர்களுக்குப் பின்னால் ‘குழுவினர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் அத்தை இருந்தார்.

வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. மேடையேறிப் பாடியவள் என்பதே புகுந்த வீட்டில் அவர்மீது சொல்லப்பட்ட முதல் குற்றம். ஆகவே அந்தப் பேச்சு எழுந்தால் அப்பாவும் எழுந்து போய்விடுவார். தோட்டத்திலோ அத்தை அதைச் சொன்னார். சொல்லியும் யாரும் நம்பவில்லை. எவருடைய கைப்பேசியிலாவது அந்தப் பாட்டு ஒலித்துவிட்டால் போதும்.

“இந்தா, ஒன் பாட்டு ஓடுது. இதுல எந்த ‘ஆ’டி ஒன்னோடது?”

“ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வருதுல்ல, அது” என்று அத்தை மெய்யாகவே பதில் சொல்வார். அதற்கு இன்னும் பலமாகச் சிரிப்பார்கள்.

ஒருநாள் மாலை, நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டின் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“ஆத்தா, வர்ற வெள்ளிக்கெழமையும் நீதான வாசிக்கிற?”

“ஆமா அத்த.”

“அந்தத் தேதியிலதான் நாங்க மெட்ராஸ்ல பாடுனோம். அம்புட்டுப் பெரிய ஆளுகளோட எங்களையும் ஒரு வரி சேத்துக்கிட்டா தப்பாகிப்போகுமா?”

தப்பாகாது என்றேன். மகிழ்ச்சியோடுதான் சொன்னேன். கைப்பேசியில் எங்கும் கிடைக்காத ஒரு செய்தி என்னிடம் மட்டும் இருக்கிறது அல்லவா? ஏழாவது வரியை நிறுத்தி நிதானமாக எழுதினேன். ‘இதே நாளில், நம் ஊரைச் சேர்ந்த’ என்று தொடங்கி, அத்தையின் முழுப் பெயர், பாட்டின் முதலடி, ஒலிப்பதிவு நடந்த நகரம் எல்லாம் அதில் இருந்தன. அத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டாம் முறை கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

“பள்ளிக்கூடத்து மைக்குல சொல்லிட்டா அப்பறம் ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா” என்றார்.

வியாழக்கிழமை வகுப்பு டீச்சர் தாளைப் பார்த்தார். “நம்ம ஊரு ஆளா? பரவால்லையே!” என்று அடியில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். என் அத்தை என்று நான் சொல்லவில்லை. நாளை எல்லாருக்கும் தெரியத்தானே போகிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில், பள்ளியின் குட்டைச் சுவருக்கு அப்பால் சாலையில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். தோட்டத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருக்க வேண்டும். மூவரும் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள், தலையில் துண்டு. கொடிக்கு மருந்தடித்த நீலக் கறை கைகளில் திட்டுத் திட்டாக இருந்தது. நடுவில் நின்றவர் அத்தை. அவர் போட்டிருந்தது அப்பாவின் சட்டை. பை கிழிந்து தொங்கியது.

செய்தி வாசித்து முடித்து என்னருகே வந்து நின்றவள் கிசுகிசுத்தாள்:

“ஏய், செவுத்துக்கு அங்கன பாரு. நம்ம சீஃப் கெஸ்ட்டு வந்துட்டாக. சட்டையப் பாருடி!”

அவளுக்கு அது யாரென்று தெரியாது. நான் சிரித்தேன். சிறு சிரிப்புதான், அவளைத் தவிர யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் சிரித்த பிறகு, அந்தச் சட்டைக்காரரின் பெயரை எப்படி வாசிப்பது? ‘நம் ஊரைச் சேர்ந்த’ என்ற உடனே எல்லாத் தலைகளும் சுவர்ப்பக்கம் திரும்பும் என்று தோன்றியது.

ஆறு வரிகளை வாசித்தேன். எந்தப் பெயரும் பிசகவில்லை. ஆறாவது வரி முடிந்தபோது அத்தை தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

“இத்துடன் இசையில் இன்று நிறைவடைகிறது. நன்றி.”

தாளை மடித்தேன். பொன்மொழிக்காரி ஒலிவாங்கியின் முன் வந்தாள். சுவருக்கு அப்பால் ஒருத்தி அத்தையின் தோளை இடித்து ஏதோ சொன்னாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை என்னைப் பார்க்கவில்லை. மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார், அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுபோல.

மாலையில் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்ததால் நானே தொடங்கினேன்.

“அந்த வரிய டீச்சர் அடிச்சுட்டாக அத்த. போன்ல இல்லாததெல்லாம் வாசிக்கக் கூடாதுன்னுட்டாக.”

“அடிச்சுட்டாகளா?” என்றவர், “அதுக்காக ஒன்னய வஞ்சாகளா?” என்றார்.

“லேசா வஞ்சாக.”

எதற்காக அதைச் சேர்த்தேன் என்று தெரியவில்லை. பொய்க்கும் ஒரு நிறைவு வேண்டும் என்று நினைத்தேன் போலும்.

அடுத்த வாரம் புதன்கிழமை பள்ளிக்கு விடுமுறை. அம்மா கொடுத்த சோற்றுத் தூக்கோடு தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்குக் கீழே பெண்கள் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு தொலைவிலேயே கேட்டது.

“அடியே பாட்டுக்காரி, அடுத்து எந்த மைக்குல வரப்போற? சொன்னா சோத்தக் கட்டிக்கிட்டு வருவோம்ல.”

“செவுத்தோரம் நின்னு காலு கடுத்ததுதான் மிச்சம்.”

அத்தை பெட்டியில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“டீச்சர் அடிச்சுட்டாகன்னு சொல்றேன்ல! பிள்ள எழுதித்தான் வச்சிருந்துச்சு. எங்கண்ணால பாத்தேன். அது மேல ஒரு தப்பும் கெடையாது.”

“ஆமா, டீச்சருக்கு ஒம்மேல என்னடி பொறாம? அவுகளும் கோரஸ் பாடுனாகளாக்கும்?”

பந்தலே சிரித்தது. அத்தை தூக்கை வாங்கிக்கொண்டு, “வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போ ஆத்தா” என்றார். திரும்பி நடக்கும்போது எனக்குள் பெரும் நிம்மதி. அத்தை நம்பிவிட்டார். அத்தனை பேர் முன்னிலையில் சத்தம் போட்டுச் சொல்லும் அளவுக்கு நம்பிவிட்டார்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, பெரியகுளம் பேருந்தில் அந்த டீச்சர் என்னருகே உட்கார்ந்தார். நலம் விசாரித்த பிறகு அத்தையைப் பற்றிக் கேட்டார்.

“ஒரு பை நெறையா திராட்சையோட ஸ்கூலுக்கு வந்தாக. ‘நான்தான் பிள்ளைய எழுதச் சொன்னேன், அத வையாதீக டீச்சர்’னாக. எனக்கு ஒண்ணும் புரியல. நான் எதையும் அடிக்கலையே, கையெழுத்துப் போட்டுல்ல குடுத்தேன்னு சொன்னேன். பைய என் மேசையில வச்சாக. அப்பறம், ‘நான் வந்தத அதுகிட்டச் சொல்லிறாதீக’ன்னுட்டுப் போயிட்டாக.”

எப்போது டீச்சர் என்று கேட்டேன்.

“நீ வாசிச்சது வெள்ளிக்கெழம. திங்கக்கெழம காலையிலயே வந்துட்டாகளே.”

திங்களுக்குப் பிறகுதான் புதன். அன்று பந்தலுக்குக் கீழே அத்தை குரலை உயர்த்தியபோது, அவர் சொன்னது பொய் என்பது அங்கிருந்தவர்களில் இருவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.